பாம்பு பற்றிப் படிக்கப் போனவர் கேமராவோடு வெளியே வந்த கதை: காந்தியின் ராட்டைப் படத்தை எடுத்த மார்கரெட் பர்க்-ஒயிட் யார்?

அந்தப் படத்தை நீங்கள் நிச்சயம் எங்காவது பார்த்திருப்பீர்கள். கறுப்பு-வெள்ளைப் படம். சட்டை இல்லாமல், மூக்குக் கண்ணாடியோடு தரையில் உட்கார்ந்து குனிந்து எதையோ வாசித்துக்கொண்டிருக்கிறார் காந்தி. பின்னால் ஜன்னல் வெளிச்சம். அவருக்கு முன்னால், படத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு ஒரு ராட்டை.

கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். இதில் காந்தி ராட்டை சுற்றவே இல்லை. ஆனாலும் ராட்டை என்றதும் நம் நினைவுக்கு வருவது இந்தப் படம்தான்.

1946இல் இதை எடுத்தவர் ஒரு அமெரிக்கப் பெண். பெயர் மார்கரெட் பர்க்-ஒயிட். ரிச்சர்ட் அட்டன்பரோ 1982இல் எடுத்த 'காந்தி' படம் பார்த்தவர்களுக்கு, கேமராவோடு ஆசிரமத்துக்கு வரும் அந்த வெளிநாட்டுப் பெண்ணை ஞாபகம் இருக்கலாம். கேண்டிஸ் பெர்கன் நடித்த அந்தப் பாத்திரம் இவர்தான்.

20ஆம் நூற்றாண்டின் மிகப் பிரபலமான பத்திரிகை போட்டோகிராபர்களில் ஒருவரான இவர், போட்டோகிராபியில் டிகிரி வாங்கியவர் இல்லை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது ஊர்வன பற்றிப் படிக்க. அதாவது பாம்பு, பல்லி, ஆமை. போட்டோ என்று முறையாகப் படித்தது ஒரே ஒரு சிறிய வகுப்பு. மிச்சத்தை எல்லாம் ஒரு காலேஜ் விட்டு இன்னொரு காலேஜ் மாறி, ஃபீஸ் கட்டக் காசு தேடி அலைந்த வருடங்களில் கற்றுக்கொண்டார்.

கேமரா வைத்திருந்தது அப்பா

மார்கரெட் பிறந்தது 1904 ஜூன் 14, நியூயார்க்கில். வளர்ந்தது பக்கத்து மாநிலமான நியூஜெர்சியின் பவுண்ட் புரூக் என்ற சின்ன ஊரில். அப்பா ஜோசப் ஒயிட் ஒரு இன்ஜினியர், அச்சு இயந்திரங்களில் புதுசு புதுசாக ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பவர். அம்மா மின்னி பர்க் ஐரிஷ் வம்சாவளி. கண்டிப்பானவர். பத்திரிகையில் வரும் கார்ட்டூன் பக்கத்தைக்கூட பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்பார்.

அப்பா பேசுவது குறைவு. ஆனால் மகளை இரண்டு இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஒன்று காடு. அங்கே பாம்பை எப்படிப் பயமில்லாமல் கையில் எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார். வீட்டில் பாம்பு வளர்க்கும் அளவுக்கு மகளுக்கு அது பிடித்துப்போனது. இன்னொன்று தொழிற்சாலை. இரும்பை உருக்கி ஊற்றும் இடத்தில், நெருப்புக் குழம்பு வழிந்து ஓடுவதைச் சிறு வயதிலேயே பார்த்துவிட்டார். அந்தக் காட்சி எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அப்பாவுக்கு போட்டோ எடுப்பது பொழுதுபோக்கு. பிரிண்ட் போடும்போது மகள் கூடமாட உதவி செய்திருக்கிறார். ஆனால் அப்பா இருந்த வரை மார்கரெட் தானாக கேமராவைத் தொட்டதாகத் தெரியவில்லை.

கொலம்பியாவில் ஒரு வகுப்பு

1921இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1922 ஜனவரியில் அப்பா இறந்துபோனார். மார்கரெட்டுக்கு அப்போது வயது 17. குடும்பத்தில் சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை.

அதே காலகட்டத்தில்தான் கிளாரன்ஸ் ஒயிட் என்பவரின் போட்டோகிராபி வகுப்பில் சேர்ந்தார். (பெயரைப் பார்த்து சொந்தக்காரர் என்று நினைக்க வேண்டாம். இருவருக்கும் உறவு கிடையாது.)

இந்த கிளாரன்ஸ் ஒயிட் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒஹாயோ மாநிலத்தில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். போட்டோகிராபியைத் தானாகவே கற்றுக்கொண்டவர். 1907இல் கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியில் போட்டோகிராபி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1914இல் நியூயார்க்கில் தனியாக ஒரு பள்ளியும் தொடங்கினார். கேமராவுக்குப் பல்கலைக்கழகத்தில் என்ன வேலை என்று கேட்கும் காலம் அது. போட்டோ எடுப்பது ஸ்டூடியோவில் எடுபிடியாக இருந்து கற்றுக்கொள்ளும் கைத்தொழில், அவ்வளவுதான் என்பது பொதுவான எண்ணம்.

ஒயிட் அதை ஓவியம் மாதிரி சொல்லிக்கொடுத்தார். எந்த லென்ஸ், எத்தனை விநாடி என்பதை விட, ஒரு சட்டத்துக்குள் எதை எங்கே வைப்பது, எதை விடுவது, வெளிச்சமும் நிழலும் எப்படிப் பிரிகின்றன என்பதுதான் பாடம். அதிர்ந்து பேச மாட்டாராம். அவரிடம் படித்தவர்கள் லிஸ்ட் பெரிது. 1930களின் பஞ்ச காலத்தில், குழந்தைகளோடு கவலை தோய்ந்த முகத்துடன் உட்கார்ந்திருக்கும் தாயின் படத்தை எடுத்தாரே டோரத்தியா லாங், அவரும் ஒயிட்டின் மாணவிதான். பால் அவுட்டர்பிரிட்ஜ், லாரா கில்பின், ரால்ஃப் ஸ்டெய்னர் என்று இன்னும் பலர்.

ஆச்சரியம் என்னவென்றால் இவர்களில் ஒருவருடைய படம் இன்னொருவருடையது மாதிரி இருக்காது. ஒரு ஆசிரியருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா என்ன?

மகளுக்கு அம்மா ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார். பழைய ஐகா ரிஃப்ளெக்ஸ். விலை 20 டாலர். லென்ஸில் விரிசல். கணவன் போன பிறகு, குடும்பம் தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த 20 டாலர் சின்னத் தொகை இல்லை.

அந்த வருட கோடை விடுமுறையில் கனெக்டிகட்டில் சிறுமிகளுக்கான முகாம் ஒன்றில் மார்கரெட்டுக்கு வேலை கிடைத்தது. போட்டோ எடுக்கச் சொல்லிக்கொடுப்பதும் வேலையில் ஒரு பகுதி. சும்மா இருப்பாரா? முகாமைப் படம் எடுத்து, போஸ்ட் கார்டாகப் போட்டு, பெற்றோருக்கு அனுப்பச் சொல்லி அந்தப் பிள்ளைகளிடமே விற்றார். படம் எடுத்தால் காசு வரும் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

ஐந்து பல்கலைக்கழகங்கள், ஒரு டிகிரி

அடுத்து மிச்சிகன் பல்கலைக்கழகம். நியூஜெர்சியைச் சேர்ந்த வசதியான அண்ணன்-தங்கை இருவர் படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். அங்கே அலெக்சாண்டர் ரத்வன் என்ற பெயர் பெற்ற ஊர்வன ஆய்வாளரிடம் பாடம். பாடத்துக்கு வெளியே மாணவர்களின் ஆண்டு மலருக்குப் படம் எடுப்பது.

ஆண்டு மலர் என்றால் சாதாரணமாக நினைக்காதீர்கள். குரூப் போட்டோ, விளையாட்டு, கட்டடம், நிகழ்ச்சி என்று எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், குறிப்பிட்ட தேதிக்குள் கொடுக்க வேண்டும். வகுப்பறையில் வராத பயிற்சி அது.

1924இல், 20 வயது ஆவதை ஒட்டி, சக மாணவர் எவரெட் சாப்மேனைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவருக்கு பர்டூ பல்கலைக்கழகத்தில் வேலை. இவரும் அங்கேயே படிப்பைத் தொடர்ந்தார். பிறகு கிளீவ்லாண்ட் நகரம். பகலில் அருங்காட்சியகத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, மாலையில் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் வகுப்பு. கல்யாணம் இரண்டு வருடம்தான் நிலைத்தது. பிரிந்த பிறகு அம்மாவின் குடும்பப் பெயரையும் சேர்த்து பர்க்-ஒயிட் என்று போட்டுக்கொண்டார்.

கடைசி வருடப் படிப்புக்கு 1926இல் தேர்ந்தெடுத்தது நியூயார்க் மாநிலத்தின் இத்தாகா ஊரில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகம். காரணம்? வளாகத்திலேயே அருவிகள் இருக்கின்றன என்று எங்கோ படித்தாராம். இதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்வு செய்ய இதுவும் ஒரு காரணம்தான்!

அருவி கிடைத்தது. காசு கிடைக்கவில்லை. நூலகத்தில் வேலை, சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலை என்று தேடிப் போனால், எல்லாம் ஏற்கெனவே மற்ற மாணவர்களுக்குப் போய்விட்டன. கையில் இருந்தது அந்த விரிசல் லென்ஸ் கேமரா மட்டும்.

வளாகத்தைப் படம் எடுக்க ஆரம்பித்தார். மணிக்கூண்டு, பனி மூடிய பாதை, அருவி, அதிகாலை வெளிச்சத்தில் நூலகம். ஒயிட் வகுப்பில் பழகிய மாதிரியே எல்லாம் கொஞ்சம் மங்கலாக, மூடுபனி கவிந்த ஓவியம் போல இருந்தன. ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவரின் டார்க்ரூமில் பிரிண்ட் போட்டார். சில மாணவர்களைச் சேர்த்து விற்பனைக்கு அனுப்பினார். பழைய மாணவர்களுக்கான பத்திரிகையும் அவரது படங்களை வாங்கிப் போட்டது.

அந்தப் பத்திரிகைதான் திருப்பம். அதைப் பார்த்த சில பழைய மாணவர்கள் கட்டடக்கலை நிபுணர்கள். கட்டடங்களை இவ்வளவு நன்றாக எடுப்பவர்கள் குறைவு, இதையே தொழிலாக வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டுக் கடிதம் எழுதினார்கள்.

இங்கேதான் சிக்கல். நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஊர்வன பிரிவில் ஒரு வேலைக்கு வாய்ப்பு கூடி வந்துகொண்டிருந்தது. நிரந்தரமான, மரியாதையான வேலை. மறுபக்கம் போட்டோகிராபி. அதில் சம்பளமும் கிடையாது, உத்தரவாதமும் கிடையாது. அம்மாவுக்கு உதவ வேண்டிய பெண், விவாகரத்தானவர், அதுவும் 1927இல்.

முன்பின் அறியாத, பாரபட்சமில்லாத ஒருவரிடம் படங்களைக் காட்டுவது, அவர் சொல்வதைக் கேட்பது என்று முடிவு செய்தார். விடுமுறையில் நியூயார்க் போய், யார்க் அண்ட் சாயர் என்ற பெரிய கட்டடக்கலை நிறுவனத்தின் கதவைத் தட்டினார். பார்க்க வேண்டியவர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். லிஃப்ட் வருவதற்குக் காத்திருந்த அந்த இடைவெளியில் ஒரு படம் அவர் கண்ணில் பட்டது. லிஃப்டை மறந்து திரும்பி உள்ளே வந்து எல்லாப் படங்களையும் பார்த்தார், மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். எந்தக் கட்டடக்கலை அலுவலகத்துக்குப் போனாலும் வேலை கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார். அந்த லிஃப்ட் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் என்ற எண்ணம் மார்கரெட்டுக்குக் கடைசி வரை இருந்தது.

1927இல் கார்னெலில் உயிரியல் பட்டம் வாங்கினார். பாம்புகளுக்கு விடை கொடுத்தார். முழுசாக இல்லை. பிறகு நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடத்தில் 61ஆவது மாடியில் ஸ்டூடியோ போட்டபோது, மொட்டை மாடியில் குட்டி முதலைகளையும் ஆமைகளையும் வளர்த்தார்!

வகுப்பில் சொல்லித்தராத பாடம்

பட்டம் வாங்கியதும் கிளீவ்லாண்டுக்குத் திரும்பினார். சின்ன வீடு. சமையலறையிலேயே படம் கழுவுவது. பணக்காரர்களின் வீடுகளையும் தோட்டங்களையும் எடுத்து வருமானம். ஆனால் மனசு முழுக்க ஊரின் தொழிற்சாலைகள் பக்கம். சிறு வயதில் அப்பாவோடு பார்த்த நெருப்புக் குழம்பு.

ஓட்டிஸ் ஸ்டீல் என்ற ஆலையின் தலைவரிடம் அனுமதி வாங்கி உள்ளே போனார். பெண்கள் உள்ளே வரும் வழக்கம் இல்லாத இடம். வெப்பத்தில் அவர் முகம் வெந்தது, கேமராவின் வார்னிஷ் கொப்பளித்தது. அவருக்கு அது பொருட்டாகவே இல்லை. ஆனால் படத்தைக் கழுவிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. வெறும் இருட்டு.

ஏன் அப்படி? அந்தக் கால ஃபிலிம் நீலம், பச்சை ஒளியைப் பிடிக்கும். சிவப்பு வெளிச்சம் அதற்குக் கிட்டத்தட்ட இருட்டு மாதிரிதான். உருகிய எஃகு நம் கண்ணுக்குக் கூசும் அளவு ஜொலிக்கும், ஆனால் அது சிவப்பும் ஆரஞ்சும் கலந்த வெளிச்சம். கண் பார்ப்பதை ஃபிலிம் பார்க்கவில்லை.

ஒயிட் வகுப்பில் எதை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. மார்கரெட் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். கேமரா கடைக்காரர், பிரிண்ட் போடுபவர், ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதி என்று யார் கிடைத்தாலும் விடவில்லை. அப்படி வந்த ஒரு விற்பனைப் பிரதிநிதியிடம் சினிமா படப்பிடிப்புக்காக எடுத்துப் போன பெரிய மக்னீசிய மத்தாப்புகள் இருந்தன. கொளுத்தினால் பளீரென்ற வெள்ளை வெளிச்சம். அவற்றை ஆலைக்குள் கொளுத்திப் படம் எடுத்தார்கள். எஃகு தெரிந்தது. வாளி தெரிந்தது. பறக்கும் தீப்பொறி ஒவ்வொன்றும் கோடு கோடாகத் தெரிந்தது. பிரிண்ட் போடப் பொருத்தமான தாளைத் தேடிப் பிடிக்க இன்னொரு விற்பனையாளர் உதவினார்.

மாதக்கணக்கில் தினமும் போல ஆலைக்குப் போய் எடுத்த அந்தப் படங்கள் நியூயார்க் வரை பேசப்பட்டன. கார்னெலின் மூடுபனி மங்கல் இவற்றில் இல்லை. ஆனால் சட்டத்துக்குள் பொருளை வைக்கும் விதம் அதே ஒயிட் வகுப்பிலிருந்து வந்ததுதான் என்பது என் எண்ணம்.

லைஃப் பத்திரிகையின் முதல் அட்டை

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். டைம் பத்திரிகையின் ஹென்றி லூஸ் 1929இல் தந்தி அடித்துக் கூப்பிட்டார். புதிதாகத் தொடங்கும் ஃபார்ச்சூன் இதழுக்கு வேலை. 1930இல் சோவியத் ரஷ்யாவுக்குள் போய் அங்கே தொழிற்சாலைகள் எழும்புவதைப் படம் எடுத்தார். வெளிநாட்டு போட்டோகிராபர்களுக்கு அனுமதி கிடைப்பதே பெரும்பாடு என்ற காலம் அது.

1936 நவம்பர் 23. லைஃப் பத்திரிகையின் முதல் இதழ். அட்டையில் மான்டானா மாநிலத்தின் ஃபோர்ட் பெக் அணைக்கட்டு. எடுத்தவர் மார்கரெட். உள்ளே, அந்த அணையைக் கட்ட வந்த தொழிலாளர்களின் தற்காலிக ஊர்களையும், சனிக்கிழமை இரவு மதுக்கடைகளையும் எடுத்திருந்தார். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கேமரா மனிதர்கள் பக்கம் திரும்பியது இந்தச் சமயத்தில்தான். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை விவசாயிகளைப் பற்றி எழுத்தாளர் எர்ஸ்கின் கால்டுவெல்லோடு சேர்ந்து 1937இல் ஒரு புத்தகமும் வந்தது. 1939இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள், 1942இல் பிரிந்தார்கள்.

1941இல் ஜெர்மானிய விமானங்கள் மாஸ்கோ மேல் குண்டு போட்டபோது அங்கே கேமராவோடு இருந்தார். ஸ்டாலினையும் படம் எடுத்தார். 1942 டிசம்பரில் வட ஆப்பிரிக்கா போகும் வழியில் அவர் இருந்த கப்பலை டார்பிடோ தாக்கியது. உயிர்காப்புப் படகில் தப்பினார். அடுத்த மாதமே குண்டுவீச்சு விமானத்தில் ஏறி டூனிஸ் பக்கம் போனார். 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் புகன்வால்ட் வதை முகாம் திறக்கப்பட்டபோது, கம்பி வேலிக்குப் பின்னால் நின்ற கைதிகளின் முகங்களை எடுத்தார். அவரது அப்பா யூத வம்சாவளி. இந்த விஷயத்தை மார்கரெட் வெளியில் பேசியதே இல்லை, தன் சுயசரிதையிலும் எழுதவில்லை.

மூன்று பல்புகள், ஒரு திங்கட்கிழமை

இப்போது அந்த ராட்டைப் படத்துக்கு வருவோம்.

1946. இந்தியா சுதந்திரத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. லைஃப் பத்திரிகை மார்கரெட்டை அனுப்பியது. காந்தியை ராட்டையோடு படம் எடுக்க வேண்டும் என்று கேட்டார். செயலாளர் தரப்பிலிருந்து ஒரு கேள்வி வந்தது. உங்களுக்கு ராட்டை சுற்றத் தெரியுமா? தெரியாது. அப்படியானால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்கள். ராட்டை என்னவென்று தெரியாமல் ராட்டை சுற்றுபவரை எப்படிப் படம் எடுப்பீர்கள் என்பது அவர்கள் கேள்வி.

எஃகு ஆலையில் மாதக்கணக்கில் நின்றவருக்கு இது புரியாமல் இருக்காது. உட்கார்ந்து கற்றுக்கொண்டார். நூல் அறுந்து அறுந்து போனது, கை வரவே இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் அனுமதி கிடைத்தது.

இன்னும் இரண்டு நிபந்தனைகள். அன்று காந்திக்கு மௌன நாள், அதனால் பேசக் கூடாது. அவருக்குப் பளீர் வெளிச்சம் ஒத்துக்கொள்ளாது, அதனால் ஃபிளாஷ் பல்பு மூன்றே மூன்றுதான்.

இன்று போனில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஃபிளாஷ் அடிக்கலாம். அன்று அப்படி இல்லை. ஒரு பல்பு ஒரு முறைதான் எரியும். மூன்று பல்பு என்றால் மூன்று படம். அறை இருட்டு, ஜன்னல் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கிறது. இந்திய வெயிலும் ஈரமும் கேமராவைப் பாடாய்ப் படுத்தியிருந்தன. முதல் இரண்டு முயற்சியும் சொதப்பல். மூன்றாவது பல்பில் கிடைத்ததுதான் நாம் பார்க்கும் படம்.

காந்தி நடுவில் இல்லை. முன்னால் ராட்டை, பின்னால் மனிதர். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் தள்ளுவது என்று 17 வயதில் பழகியது இங்கே கை கொடுத்திருக்கிறது. ஆனால் உடனே அது புகழ் பெறவில்லை. காந்தி கொல்லப்பட்ட பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது.

கேள்விக்குறியான படங்கள்

புகழ்ந்து மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

1946 ஆகஸ்டில் கல்கத்தா கலவரத்துக்குப் பிறகு தெருவில் கிடந்த பிணங்களையும் காத்திருந்த கழுகுகளையும் எடுத்தார். 1947இல் பிரிவினையின்போது பஞ்சாபில் மைல் கணக்கில் நடந்த அகதிகளை எடுத்தார். இன்றும் பிரிவினை பற்றிய எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்தப் படங்கள் இருக்கும். ஆனால் அவரோடு கூட இருந்த லைஃப் செய்தியாளர் பின்னாளில் ஒன்றைச் சொன்னார். படம் சரியாக அமைய வேண்டும் என்பதற்காக, களைத்துப்போன அகதிகளை மார்கரெட் திரும்பத் திரும்ப நடக்க வைத்தாராம். பயந்துபோயிருந்த அந்த மக்களால் மறுக்க முடியவில்லை.

1948 ஜனவரி 30. காந்தி சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் மார்கரெட் அவரைப் பேட்டி கண்டிருந்தார். அணுகுண்டு பற்றியும் கேட்டார். செய்தி கேட்டதும் பிர்லா மாளிகைக்கு ஓடினார். உடல் வைக்கப்பட்டிருந்த அறைக்குள் மறைத்து எடுத்துப் போன கேமராவில் ஃபிளாஷ் அடித்துப் படம் எடுத்ததாகவும், அங்கிருந்தவர்கள் கொதித்துப்போய் ஃபிலிமைப் பிடுங்கிவிட்டதாகவும் அவரது வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அதே நாட்களில் டெல்லியில் இருந்த இன்னொரு போட்டோகிராபர், பிரான்ஸின் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸான். ஃபிளாஷ் என்பதையே வெறுத்தவர். ஜன்னல் வெளிச்சத்தில், கூட்டத்தில் ஒருவராக நின்று அவர் எடுத்த படங்கள் யாருக்கும் தொந்தரவாக இருக்கவில்லை.

ராட்டை கற்ற பிறகே கேமராவைத் தூக்கிய அதே பெண்ணா இது என்று கேட்கத் தோன்றுகிறது. ஆமாம், அதே பெண்தான். சட்டத்துக்குள் எல்லாம் சரியாக அமைய வேண்டும் என்ற பிடிவாதம் எஃகு ஆலையில் யாரையும் காயப்படுத்தவில்லை. பஞ்சாபின் சாலையில் அப்படி இல்லை. கல்லூரியில் அவர் படித்த காலத்தில் இதற்கென்று ஒரு வகுப்பு கிடையாது. இன்று பல்கலைக்கழகங்களின் புகைப்பட இதழியல் பாடத்தில் விவாதிக்கும் கேள்விகளில் ஒன்று இதுதான்: துயரத்தில் இருப்பவரிடம் இன்னொரு முறை நடங்கள் என்று சொல்லலாமா?

கை நடுங்கத் தொடங்கியபோது

1950இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினார், 1952இல் கொரியப் போருக்குப் போனார். அந்தச் சமயத்தில் இடது காலிலும் கையிலும் ஏதோ சரியில்லை என்று தெரிய ஆரம்பித்தது. பார்க்கின்சன் நோய். ஷட்டரை அழுத்த விரல் ஒத்துழைக்காத போட்டோகிராபர்.

நீண்ட காலம் வெளியில் சொல்லவில்லை. பயிற்சி செய்தார். தாளைக் கசக்கிப் பிழிவது, துண்டை முறுக்குவது, தினமும் நடப்பது. 1959இல் மூளையில் அறுவைச் சிகிச்சை. அதைப் பிறகு லைஃப் பத்திரிகை கட்டுரையாக வெளியிட்டது. படம் எடுத்தவர் லைஃப் பத்திரிகையில் முதல் நாளிலிருந்து அவரோடு வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டாட். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் படம் எடுத்தவர் இந்த முறை கேமராவுக்கு முன்னால், தலையில் கட்டோடு. 1961இல் மறுபடியும் ஒரு அறுவைச் சிகிச்சை. சுயசரிதையை எழுதி முடித்து 1963இல் வெளியிட்டார். 1971 ஆகஸ்ட் 27 அன்று கனெக்டிகட்டில் இறந்தார். வயது 67.

அவரது கடிதங்களும் குறிப்புகளும் ஏராளமான படங்களும் இன்று நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. மாணவர்கள் போய்ப் பார்த்துப் படிக்கிறார்கள். அவர் மாறி மாறிப் படித்த அத்தனை பல்கலைக்கழகங்களில் சிரக்யூஸ் மட்டும் இல்லை.